கைலாசநாதரின் கைபேசி எண்

பட்டாதாரர்: அருள்மிகு கைலாசநாதர்.
அதுவரை சரி.
தந்தை அல்லது கணவர் பெயர் என்ற கட்டத்தில்
சிவப்பு நட்சத்திரம். கட்டாயமாம்.

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருக்கிறது.
இந்தப் பக்கம் பதினெட்டு லாரி, அந்தப் பக்கம் தெரியவில்லை.
கேட்டுக்கும் சாக்கடைக்கும் நடுவில் என் இ-சேவை மையம்:
ஒரு கணினி, ஒரு ரேகை எந்திரம்,
மேகத்தைப் பார்த்ததுமே போய்விடும் இணையம்.

எதிரே, நாற்காலி நுனியில், சொர்ணவல்லி.
இரண்டு ஏக்கர், கோயில் குத்தகை.
கொள்முதல் நிலையத்து வாசலில் அவள் நெல்
மூன்று நாளாய்த் தார்ப்பாய்க்கு அடியில் புழுங்குகிறது.
பதினேழு வரை ஈரம் இருக்கலாம்.
நேற்றுப் பதினாறரை.
இன்று கிழக்கே இருட்டிக்கொண்டு வருகிறது, தை மாதத்தில்.

"அப்பா பேர் கேக்குதுக்கா."
"சாமிக்கு ஏதும்மா அப்பன்?"

இல்லை என்று அடித்தேன்.
குறைந்தது நான்கு எழுத்து வேண்டும் என்றது.
கோடு போட்டேன். செல்லாத குறியீடு என்றது.
கடைசியில்
கைலாசநாதர், தந்தை பெயர் கைலாசநாதர்
என்று அடித்தேன். வாங்கிக்கொண்டது.
தான்தோன்றி என்று கோயில் சுவரில் எழுதியிருக்கிறதாம்.
இப்போது சர்வரிலும் இருக்கிறது.

அடுத்து, நில உரிமையாளரின் கைபேசி எண்.

செயல் அலுவலருக்குப் போட்டேன்.
பதினான்கு கோயிலுக்கு ஒரே ஆள்.
"சொந்த நம்பரெல்லாம் தர முடியாதும்மா, ஆடிட்ல கேப்பாங்க"
என்று வைத்துவிட்டார்.
எழுத்தரின் போன் அணைந்திருந்தது.
குருக்கள், பாவம், பழைய போன்காரர், அவருக்கு
மெசேஜ் பெட்டி நிறைந்து இரண்டு வருடமாகிறது.

கேட் திறந்தது. லாரிகள் உறுமின.
அந்தச் சத்தத்தில்
என் நம்பரைப் போட்டேன்.

கூத்தாநல்லூர் ரிஸ்வானா பர்வீனின் போன் அதிர்ந்தது:
கைலாசநாதர் அவர்களே, உங்கள் ஓடிபி 470913.
யாரிடமும் பகிர வேண்டாம்.
சத்தமாகப் படித்துக்கொண்டே அடித்தேன்.

பிறகு ரேகை.
சொர்ணவல்லி கட்டைவிரலைப் புடவையில் துடைத்தாள்,
தலையில் தேய்த்து எண்ணெய் ஏற்றினாள்,
என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் வைத்தாள்.
பொருந்தவில்லை. பொருந்தவில்லை. மீண்டும் முயற்சிக்கவும்.
இருபத்தேழு வருடம் நாற்றுப் பறித்த கை.
ஒன்பதாவது தடவை இடது மோதிர விரல் ஒத்துக்கொண்டது.

ஐம்பத்திரண்டு மூட்டை. நாளை மறுநாள், காலை பத்து மணி.
அச்செடுத்துக் கொடுத்தேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"இத மழைக்கிட்ட காட்டலாமா தங்கச்சி?"

அன்றிரவே பெய்தது.
பத்தொன்பது காட்டியது அவள் நெல்.
காயப்போடக் காய்ந்த ரோடு இல்லை.

அந்தச் சாமியின் மற்றக் குத்தகைக்காரர்கள், முப்பத்தோரு பேர்,
எப்படியோ கேள்விப்பட்டு வந்தார்கள்.
எல்லா ஓடிபியும் எனக்கே.
மன்னார்குடி ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்குப் படுத்திருந்தபோது
"சீக்கிரம் சொல்லுக்கா, ரெண்டு நிமிசந்தான் இருக்கும்" என்று ஒருவர்.
ஜெல் தடவிய வயிற்றோடு ஆறு எண் சொன்னேன்.

சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்த மச்சான்
ராத்திரி ஒரு மணிக்குப் போனைப் பார்த்துவிட்டு
"யாரு இந்தக் கைலாசநாதர்?" என்றார்.
சொன்னேன். சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

ஏனென்றால் மகப்பேறு உதவிக்கு நான் விண்ணப்பித்தபோது
என் கணினியில், என் கையாலேயே,
இந்த எண் வேறொரு பயனாளருக்கு உரியது
என்று வந்தது.
புகார் கொடுக்கலாம். புகாருக்கு ஓடிபி வேண்டும்.

நேற்று ஒரு செய்தி:
அன்புள்ள கைலாசநாதர் அவர்களே,
எங்கள் சேவையில் திருப்தியா?
ஆம் எனில் ஒன்று, இல்லை எனில் இரண்டு.

இன்னும் அழுத்தவில்லை.
அவரைக் கேட்காமல் எப்படி?
நடை ஐந்து மணிக்குத் திறக்கும்.
கோயில் அந்தப் பக்கம். கேட் மூடியிருக்கிறது.