விரிசல் கணக்கு

சிவப்பு அலை வந்துவிட்டது என்று
சிப்பிப் பண்ணையை மூடினார்கள்.
கடல் சிவப்பாக இல்லை.
சிலோயேத் தீவில் எப்போதும் உள்ள சாம்பல் நிறம்,
எப்போதும் உள்ள மழை.
எனக்கு வேலை இல்லை, அது மட்டும் புதிது.

எடுவினா பதினொரு கோழி வாங்கி வந்தாள்,
கஸ்த்ரோ பேருந்தில், இரண்டு சாக்குகளில்.
டிரைவர் கோழிக்கும் டிக்கெட் கேட்டானாம்.
"முட்டையிடட்டும், தருகிறேன்" என்றாளாம்.
தந்தாள். ஆறு முட்டை. செப்டம்பரில்.

நீல முட்டைகள்.
இங்கே யாரும் அதற்கு வியப்பதில்லை.
படகில் வரும் சுற்றுலாக்காரர்கள் மட்டும்
எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பார்கள்
சாயம் போகிறதா என்று.
அவர்களுக்கு முட்டைக்கு ஐம்பது பெசோ கூடுதல்.
வியப்புக்கும் விலை உண்டு என்பது எடுவினாவின் கட்சி.

நோட்டு என் பொறுப்பு.
முப்பது ஆண்டு ஈரக்கயிறு இழுத்த விரல்களால்
கட்டம் போட்டு எழுதுகிறேன்:
இட்டது. விற்றது. விரிசல்.
மூன்றாவது கட்டம் எங்கள் சாப்பாடு.
முழு முட்டை காசுக்கு,
விரிசல் விட்டது வீட்டுக்கு.
சட்டம் போட்டது நாங்கள் இருவர்,
மீறினால் பிடிக்கவும் அதே இருவர்.

விற்ற காசில் பாதி தீவன மூட்டை.
மீதியில் மாவு, எண்ணெய்,
கரைக்கு அந்தப்பக்கம் வெல்டிங் படிக்கும்
ராமிரோவின் செருப்பு.
மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தேன்:
கோழிகள் எங்களை வளர்ப்பதாக விடை வந்தது,
அதுவும் கொஞ்சம் நஷ்டத்தில்.

பண்ணை வாசலில் மலையாய்க் கிடக்கும் சிப்பி ஓட்டை
வாளியில் அள்ளி வந்து சுத்தியலால் நொறுக்குவேன்.
முட்டை ஓடு கெட்டிப்பட அது வேண்டும்.
கடல் எனக்குத் தர வேண்டிய பாக்கியைச்
சில்லறையாக வாங்கிக்கொள்கிறேன்.

ஓடு கெட்டிப்பட்டது.
கை தவறி விழுந்த ஒன்று
உடையாமல் கோழிக்கூண்டைச் சுற்றி வந்தது.
ஆனாலும் மூன்றாவது கட்டம் குறையவில்லை.
நெமேசியோவுக்கு விறகு பிளந்த நாளில் இரண்டு.
ராமிரோ வந்த ஞாயிற்றுக்கிழமை நான்கு.
நான் காய்ச்சலில் கிடந்த வாரம்
நாள் தவறாமல் மூன்று.
எல்லாம் ஒரே இடத்தில்,
கூர்முனைக்குச் சற்றுக் கீழே,
கட்டைவிரல் நகத்தின் அகலம்.

எழுதிக்கொண்டேன்.
கேட்கவில்லை.

ஜூலை. பகல் சுருங்கிவிட்டது.
கோழிகள் இறகு உதிர்த்து,
கடன்காரர் போல முகம் திருப்பி நிற்கின்றன.
ஒன்றைக் காட்டுப்பூனை கொண்டுபோனது.
நாளைக்கு ஒரு முட்டை, சில நாள் அதுவும் இல்லை.
பள்ளிக்கூடத்துச் சமையல்காரி ஒத்தீலியா
ஒரு டஜன் கேட்டிருக்கிறாள்.
ஒன்பது நாளாய்ச் சேர்க்கிறோம்.

நேற்றிரவு உருளைக்கிழங்கை உப்பில் தொட்டுக்கொண்டே
"முட்டை வாடையே எனக்குப் பிடிக்காது" என்றாள் எடுவினா.
இருபத்திரண்டு ஆண்டுத் தாம்பத்தியத்தில்
முதல்முறை கேட்கிறேன்.

இன்று அவளுக்கு முழங்கால் வீக்கம்.
கூண்டுக்கு நான் போனேன்.
வைக்கோலில் ஒன்று, இன்னும் சூடாக.
பன்னிரண்டாவது.
புள்ளிக்கோழி ஒற்றைக் கண்ணால் பார்த்தது.
மழையில் வேறு யாரும் இல்லை.
கதவுக்கட்டையில் ஒரு தட்டு.
நீலத்தில் முடி அளவு ஒரு கோடு.

"இதுவும் போச்சு" என்று நீட்டினேன்.
அவள் அடுப்பு வெளிச்சத்தில்
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
விரிசல் மொட்டை முனையில் இருந்தது.
அவசரத்தில் இடம் தப்பிவிட்டது.

ஒன்றும் சொல்லாமல் வாணலியை வைத்தாள்.
ஒரே தட்டு, இரண்டு முள்கரண்டி.
ஒத்தீலியாவிடம் நாளைக்கு என்று
யார் சொல்வது என்பது பற்றியும் பேச்சில்லை.

"உனக்குத்தான் பிடிக்காதே" என்றேன்.
"ஆமாம்" என்று சொல்லிவிட்டு
ரொட்டியைப் பிய்த்து
மஞ்சள்கருவில் தொட்டாள்.