லோடு

உமையாளுக்கு மூன்றே முக்கால் வயது.
பொய் சொல்கிறாள்.
இதைத்தான் முதல் வரியாக எழுதினேன்,
புதுவயல் அரிசி ஆலையில்
பதினோரு வருடமாகக் கணக்கு எழுதும் அதே கையெழுத்தில்,
வரிசை எண் போட்டு.

இரண்டு: திக்குகிறது. “நா நா நா நானே” என்று
வாக்கியத்தின் வாசலிலேயே நிற்கிறாள்.
மூன்று: இடது செருப்பை வலது காலில்தான் போடுவாள்.
மாற்றிவிட்டால் புரண்டு அழுகை.
போன வாரம் சந்தையில், வெங்காயக் குவியலுக்கு முன்னால்,
எனக்குத் தெரிந்த பதினேழு பேர் பார்க்க.
நான்காவதை நான் யோசிக்கும் முன்
அழகம்மை பேனாவை வாங்கி
‘லோடு’ என்று மட்டும் எழுதினாள்.

லோடு எங்கள் வீட்டில்
மூன்று மாதமாகச் சாப்பிடுகிறவன்.
அவனுக்குத் தனித் தட்டு. தோசைக்குச் சீனி.
மாவுச் சட்டியைக் கவிழ்த்தது லோடு.
சித்தப்பாவின் கண்ணாடியை அண்டாவில் போட்டது லோடு.
ஒரு நாளைக்கு இருபது தடவை நான் போனில்
“லோடு வந்துருச்சா? இன்னும் வரலையா?” என்று
கத்திக்கொண்டிருந்ததில்
அவளும் காத்திருந்திருக்கிறாள் போல.
ஒருநாள் வந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அரிசியை வைத்துச் சோதித்தேன்.
ஒரே கிண்ணத்தால் இரண்டு முறை அளந்து
ஒன்றை ஒல்லி டம்ளரில், ஒன்றை அகலத் தட்டில்.
எதில் கூட?
டம்ளரில்.
இரண்டையும் மின் தராசில் ஏற்றினேன்.
இருநூற்று நாற்பது. இருநூற்று நாற்பது.
“பாரு, ரெண்டும் ஒரே நம்பர்.”
குனிந்து பார்த்தாள்.
“இந்தப் பெட்டி பொய் சொல்லுது, அப்பச்சி.”

எடையை நம்பிச் சோறு தின்கிறவன் நான்.
அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

காரைக்குடி, செக்காலை ரோடு, டோக்கன் இருபத்து மூன்று.
டாக்டர் ஜெஸிந்தா என்னைவிட இளையவர்.
தாளைப் படித்தார். மடித்தார்.
ஆறிப்போன காபிக்கு அடியில் வைத்தார்.
அவளிடம் ஒரு கிரேயானை நீட்டினார்.
வட்டம் வந்தது, ஒரு பக்கம் நசுங்கி,
ஆனாலும் மூடிய வட்டம்.
ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்,
மூன்று எண்ணும்வரை நின்றாள், என்னைப் பிடிக்காமல்.
வாசல் படியில் கால் மாற்றிக் கால் மாற்றி ஏறினாள்.
இதை நான் பார்த்ததே இல்லை.
எங்கள் வீட்டு மாடிக்கு
நான்தான் தூக்கிக்கொண்டு போகிறேன்.

“நினைப்பு பஸ் மாதிரி முன்னால கிளம்பிடுது,
நாக்கு ஓடிப்போய் ஏறுது, அவ்வளவுதான்.
வார்த்தையை நீங்க முடிச்சு வைக்காதீங்க.
ஆறு மாசம் தாண்டியும் இருந்தா கூட்டிட்டு வாங்க.”

“பொய் சொல்றதுக்கு?”

“உங்களுக்குத் தெரியாதது ஒண்ணு
தனக்குத் தெரியும்னு இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்கா.
செல்லுதான்னு பார்க்கிறா.”

“மருந்து?”

“யாருக்கு?”

அரிசி விஷயத்தைக் கேட்கக் கூச்சமாக இருந்தது.
எழுந்தபோது டாக்டரே கேட்டார்: “லோடு வரலையா?”
உமையாள் மூலையிலிருந்த எடை மிஷினைக் காட்டினாள்.
டாக்டர் நாற்காலியை நகர்த்தி
மிஷின் முள்ளைப் பார்த்துவிட்டு,
“சரியா இருக்கான்” என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவள்.
செருப்பு கால் மாறித்தான் இருந்தது. விட்டுவிட்டேன்.
பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தேன்,
கண்டக்டர் முறைத்தார்.
“எதுக்கு அப்பச்சி தள்ளி உட்காந்திருக்கே?”
“லோடுக்கு.”
“அவன் வரலை. அவனுக்கு ஊசி போடணும்.
டாக்டர்கிட்டயே இருக்கட்டும்.”
சொல்லிவிட்டு ஒரு ஆட்டை எண்ணினாள்,
பிறகு அதே ஆட்டை இன்னொரு தடவை.

அவ்வளவுதானா?
மூன்று மாதச் சாப்பாடு.

போன் அடித்தது. ஆலையிலிருந்து மேனேஜர்.
“என்ன, லோடு வந்துருச்சா?”

பின்பக்கக் கண்ணாடியில்
காரைக்குடி ரோடு புழுதியோடு சுருங்கிக்கொண்டிருந்தது.

“இன்னும் வரலைங்க” என்றேன்.
காலி இடத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார்.