எத்தனை மணிக் கடல்

கடல் நிறத்தில் ஒன்று கோத்துத் தர ஏலுமா என்று
தெகிவளையிலிருந்து கேட்டாள் ஃபஸ்மினா.
எத்தனை மணிக் கடல் என்றேன்.
முப்பத்துமூன்று மணி என்றாள்,
தஸ்பீஹ், வாப்பாவுக்கு.
நான் கேட்டது நேரத்தை.

வெள்ளவத்தையில் நாலாம் மாடி.
குளியலறை ஜன்னலில் மட்டும்தான் எனக்குக் கடல்:
இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு சாண்.
அதற்கும் வாளியைக் கவிழ்த்து ஏறி நிற்கவேண்டும்.

மழை மாதத்தில் ஏழு மணிக் கடல்
கால்வாய் கலந்த பிளேன்டீ.
பதினொன்றுக்கு நிறமே இல்லை, கண்கூச்சம் மட்டும்.
ஐந்தே முக்காலுக்கு ஒரு பச்சை வரும்,
சோடாப் போத்தலின் அடிப்பக்கத்துப் பச்சை,
உள்ளே யாரோ விளக்குப் பிடித்ததுபோல.
ஒரு நிமிடம்.
கோச்சி வந்து மறைத்துவிடும்.

அந்த ஒரு நிமிடத்தை மனதில் வைத்துக்கொண்டு
புறக்கோட்டையில் மூன்று கடை ஏறினேன்.
இது சீனா, இது செக்,
கடலில் செய்தது இல்லை தங்கச்சி என்றார்
தட்டுத் தட்டாக இறக்கிக் களைத்த கடைக்காரர்.
முப்பத்தைந்து பொறுக்கினேன்.
இரண்டுக்குத் துளை சரியில்லை.

ஆறு பத்துக் கோச்சி தினமும் என் மேசையை ஆட்டும்.
அன்று சாசரைத் தட்டிவிட்டது.
பக்கத்திலேயே இருந்தது
ஜெசிந்தா ரீச்சரின் அறுந்த செபமாலை, ஐம்பத்தொன்பது,
பெயர் சொல்லாத ஒருத்திக்கு நான் செய்துகொண்டிருந்த
குன்றிமணித் தோடு.
எல்லாம் ஒரே சத்தத்தில் இறங்கின.

கைபேசி வெளிச்சத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு
அலுமாரிக்கு அடியில், கேஸ் சிலிண்டருக்குப் பின்னால்.
முழங்கால் தரையில். நெற்றியும் தரையில்.
கோயில் படி மிதித்து இரண்டு வருஷம்.
யாரும் பார்த்திருந்தால் தொழுகிறாள் என்றிருப்பார்கள்.
இல்லை, எண்ணிக்கொண்டிருந்தேன்.
எண்ணுவது என்ற ஒரு சொல்லை
நாங்கள் இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறோம்.

செபமாலை ஐம்பத்தொன்பது. சரி.
குன்றிமணி சரி.
பச்சை முப்பத்திரண்டு.

விடிய, தண்டவாளம் தாண்டி மண்ணில் இறங்கினேன்.
அலை விலகிய இடத்தில்
விரல்நகம் அளவு நண்டு ஒன்று
மண்ணைத் தின்று, மிச்சத்தை உருட்டி உருட்டி வைத்திருந்தது.
வளையிலிருந்து வெளியே வரிவரியாக,
குழந்தை வரைந்த சூரியன் மாதிரி.
நூல் இல்லை. கொளுக்கி இல்லை.
ஒன்றைத் தொட்டேன், மாவாகிப் போனது.
அதன் இடம் வெறுமையாய் இருந்தும்
வரி வரியாகத்தான் இருந்தது.
பிறகு அலை வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது.
செருப்பு நனைய நின்றேன்.
தண்ணீர் வற்றியதும் நண்டு வெளியே வந்து
முதலாவதிலிருந்து தொடங்கியது.
முகத்தில் ஒன்றும் தெரியவில்லை;
நண்டுக்கு முகம் எது என்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கோத்தேன்.
முப்பத்திரண்டு மணி,
பிறகு ஒரு மணி அளவுக்கு வெறும் நூல்,
இரண்டு பக்கமும் முடிச்சு.

ஃபஸ்மினா விரலால் தள்ளித் தள்ளி எண்ணினாள்.
ஒன்று குறையுதே.
குறைகிறது என்றேன்.
இந்த நூலில் விரல் நிற்கும்தானே என்றாள் கொஞ்சம் கழித்து,
வாப்பா அங்கே மூச்சு விடுவார்.
அதோடு நூற்றைம்பது ரூபாயும் குறைத்தாள்.

போன வெள்ளிக்கிழமை வாளியைக் கழுவக் கவிழ்த்தபோது
அடி வளையத்துச் சேற்றில் அது ஒட்டியிருந்தது.
இத்தனை நாளும் அதன்மேல் ஏறி நின்றுதான்
கடல் பார்த்திருக்கிறேன்.

ஐந்தே முக்காலுக்கு ஜன்னல் கட்டையில் வைத்து,
ஒரு கண்ணை மூடி,
இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன்.

கொஞ்சமும் பொருந்தவில்லை.
கோச்சி வந்தது.