சின்ன ஓ

புன்டா அரேனஸ் துறைமுக அலுவலகம்.
காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்குகிறது,
கொடுத்த கடனைக் கேட்டு வந்தவன் மாதிரி.
இரவு பதினொன்று. ஆறிப்போன மாத்தே.
ராயென் வெஞ்சுமில்
கறுப்புத் திரையில் ஒரு வரி அடிக்கிறாள்.

ஜிசிசி. இடைவெளி. கோடு. சின்ன ஓ.
பிறகு ‘மாரே’ என்று பாதிப் பெயர்.
டேப் விசையைத் தட்டினாள்.
மீதியை அதுவே நிரப்பிக்கொண்டது,
வாலில் புள்ளியும் சியும் சேர்த்து.
அதன் பின்னால், காற்றுக்கு எழுதிய கோப்பு.
என்டர்.

ஒரு பிழையும் வரவில்லை.
அதுதான் பிழை.

சின்ன ஓ என்றால்
விளைந்ததை இந்தப் பெயரில் கொட்டு என்று பொருள்.
கொட்டிவிட்டது,
மூன்று வாரம் எழுதிய ஓதக் கணக்கின் தலைமேல்.
திறந்து பார்த்தாள்.
தொடக்கத்தில் ஈ, எல், எஃப்.
அப்புறம் சோழி உருட்டிப் போட்டது போல
என்னென்னவோ.

எதிர்மேசை விங்கோ சிரிக்கவில்லை.
வேகம் வேண்டிப் பெரிய ஓ போடப் போய்
சின்ன ஓ போட்டு,
‘2’ என்று பெயர்கொண்ட நிரலைப் பெற்றெடுத்தவன் அவன்.
கணித நூலகத்தை வரிசையில் முன்னால் நிறுத்திவிட்டு
சைன் எங்கே, கொசைன் எங்கே என்று
ஒரு பகல் முழுக்க அலைந்தவன்.
(இடமிருந்து வலம் ஒரே நடை அதற்கு.
கேட்பவர் முன்னே, கொடுப்பவர் பின்னே.
தாண்டிய வாசலுக்குத் திரும்பி வராது.)

“மாரேயா புள்ளி ஓ இருக்கா?”
அவ்வளவுதான் கேட்டான்.

இருந்தது. நேற்றைய உடல்.
படிக்க முடியாது, ஓட்ட முடியும்.
ஓட்டினார்கள்.
போர்வெனிர் படகுக்குக் காலை ஏழு நாற்பதுக்கு
ஒரு மீட்டர் பன்னிரண்டு.
ஏன் பன்னிரண்டு என்றால்
சொல்ல ஒரு வரிகூட மிச்சமில்லை.

விடியும்வரை நினைவிலிருந்து எழுதினாள்.
இம்முறை எச்சரிக்கைகளையும் கேட்டு வாங்கினாள்:
எல்லாம் என்று பெயர் வைத்துக்கொண்டு
எல்லாவற்றையும் சொல்லாத அந்தக் குறியோடு
இன்னும் என்ற மற்றொன்றையும் சேர்த்து.
வரி நாற்பத்தொன்று:
மதிப்பே தராமல் பயன்படுத்திய மாறி.
பழையதிலும் இருந்திருக்கும்.
கேட்கவில்லை, சொல்லவில்லை.

புதிய கணக்கு, ஒரு மீட்டர் எட்டு.

நான்கு சென்டிமீட்டருக்காக
இருவரும் கோட்டை மாட்டிக்கொண்டு
படகுத்துறைக்கு இறங்கினார்கள்.
ஏழு முப்பத்தெட்டு.
அளவுக் கம்பத்தில் பாசி, அதன்மேல் பனி.
நீர் எட்டைத் தொட்டது,
காற்று தள்ளப் பன்னிரண்டை நக்கியது,
மறுபடி இறங்கியது.

“எட்டு” என்றான் விங்கோ.

“பொறு” என்றாள்,
பூட்ஸ் நனையக் குனிந்து.