காலுறை

ஹாகனில் எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை.
காப்புறுதியிலிருந்து வந்த திருமதி லிண்ட்ஹோர்ஸ்ட்
மூச்சு வாங்கி, ஒரு மிடறு தண்ணீர் குடித்து
மடிக்கணினியைத் திறந்தார்.
பல் தீட்ட எத்தனை நிமிடம்?
ஊட்ட?
இரவில் எத்தனை தடவை எழும்புவீர்கள்?

எல்லாம் எழுதி வைத்திருந்தேன்,
ஆலோசனை நிலையத்து யெலினா சொல்லித் தந்தபடி:
"நல்ல நாளைச் சொல்லாதீர்கள்.
ஆகக் கெட்ட நாளைச் சொல்லுங்கள்."
அவன் தூங்கிய பிறகு, அடுப்படி வெளிச்சத்தில்
என் பிள்ளையைப் பற்றி
நானே கோள் எழுதினேன்.
முடியாது, தெரியாது, மாட்டான்,
பதினொரு பக்கம்.

அந்த நேரம் பார்த்து யதுரன்
தரையில் கிடந்த காலுறையை எடுத்தான்.
மஞ்சள், டைனோசர் படம் போட்டது.
ஆட்கள் வீட்டுக்கு வந்தால் அவனுக்கு ஒரு புளுகம்.
பெருவிரலில் மாட்டினான். நழுவியது.
மறுபடியும்.
நாக்கைக் கடித்துக்கொண்டு இழுத்தான்.
குதிக்கால் பக்கம் முறுக்கிக்கொண்டு மேலே நின்றது,
ஆனாலும் ஏறிவிட்டது.
என்னைப் பார்த்தான்.

ஒன்பது வருடம்.
தட்ட எழுந்த என் கைகள்
பாதியில் நின்றன.

விசைப்பலகைச் சத்தம்.
"தானாகவே போடுகிறானே!"
அவருக்கு உண்மையிலேயே சந்தோசம்.
"இன்றைக்குத்தான்," என்றேன். "இதுதான் முதல் தடவை."
என் ஜெர்மன் அந்த இடத்தில்
பொய் சொல்பவளின் ஜெர்மன் போலக் கேட்டது.
அவன் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தட்டினேன்.
மாதம் எவ்வளவு குறையும் என்று
மனம் கணக்குப் பார்க்கப் பார்க்க,
வெள்ளிக்கிழமைகளில் அவனை நீச்சலுக்குக் கூட்டிப்போகும் பெடியனை
இனி எப்படி மறிப்பது என்று யோசிக்க யோசிக்க,
உள்ளங்கை எரியுமட்டும் தட்டினேன்.

ஆறு கிழமை கழித்துக் கடிதம்.
பராமரிப்புப் படி மூன்று, இரண்டாகியிருந்தது.
உடை அணிதல்: பெரும்பாலும் தானாக.
அது மட்டும்தான் காரணமா, தெரியாது.
அந்த நாளுக்குப் பிறகு
அவன் காலுறையைத் தொடவே இல்லை.
காலை ஆறு மணிக்கு
ஒரு காலை என் மடியில் போட்டுவிட்டு
ஜன்னலைப் பார்த்தபடி இருப்பான்.

எதிர்மனுவுக்கு ஒரு மாதத் தவணை.
முதல் வரி எழுதிவிட்டேன்:
என் மகனால் தனியாகக் காலுறை போட முடியாது.
இரண்டாவது வரியில்
திகதி, நேரம், காலுறையின் நிறம்,
ஒரு தடவை போட்டான் என்று.

இரண்டாவது வரியை வெட்டச் சொல்கிறாள் யெலினா.
கேஸ் பலவீனமாகிவிடுமாம்.
தெரியும்.
பேனா கையில்தான் இருக்கிறது.
வெட்டவில்லை.