ஊட்டுகிறவன் வாய்

திரியெஸ்தேயில் போரா காற்று வீசிய வாரம்.
முனைக்கு முனை கயிறு கட்டியிருந்தார்கள்
ஆட்கள் பிடித்து நடக்க.
கேமராப் பையை வயிற்றோடு அணைத்தபடி
நான்காம் மாடி ஏறினேன்.
மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மாட்டப்
பன்னிரண்டு படம் வேண்டும். தலைப்பு: பராமரிப்பு.
'கனிவாக இருக்கட்டும்' என்று சொல்லியனுப்பியிருந்தார்கள்.

ஃபுல்வியாவுக்கு நாற்பத்து மூன்று.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவள்.
முப்பது டன் பெட்டியை
முட்டை வைப்பதுபோல் கப்பலில் வைப்பாளாம்.
இப்போது கழுத்துக்குக் கீழே
வலது கையின் இரண்டு விரல்தான்
சொன்னபடி கேட்கும்,
அதுவும் காலை நேரத்தில்.

ஸுராப் குத்தாயிசிக்காரன்.
முன்பு மல்யுத்தம். காது இரண்டும்
பிசைந்து மறந்துபோன மாவு.
கட்டிலிலிருந்து நாற்காலிக்கு அவளை மாற்றும்போது
குனிந்து, கைகளைக் கோத்து, அசையாமல் நிற்கிறான்.
அவள் எண்ணுகிறாள். ஒன்று. இரண்டு.
'இடது கால். இடது என்றேன்.'
மூன்று என்ற பிறகே நிமிர்கிறான்.
அவள் இன்னும் கிரேன்தான் ஓட்டுகிறாள்.

முதல் சுருளைக் கழுவிப் பார்த்தேன்.
ஒவ்வொரு படத்திலும் அவன் புனிதர், அவள் சிலுவை.
ஜன்னல் வெளிச்சம் வேறு
யாரும் கேட்காமலே
அவன் தலைக்கு வட்டம் கட்டியிருந்தது.
'என்னைக் கொன்றுவிட்டாயே,
அதுவும் இவ்வளவு அழகாக' என்றாள் ஃபுல்வியா.
'வழுக்கை இத்தனை பெரிதா' என்றான் ஸுராப்.

திரும்பப் போனேன். பிப்ரவரி முழுக்கப் போனேன்.

சம்பளம் ஐந்தாம் தேதி.
ஏழாம் தேதி ஆனால்
அவள் காப்பியில் சர்க்கரை குறைகிறது.
அவனுடைய குடியிருப்பு அனுமதிப் படிவத்தை
அவள் வாசித்துச் சொல்ல, அவன் எழுதுகிறான்.
எழுத்துப் பிழைக்குத் திட்டு விழுகிறது.
இதற்கெல்லாம் எந்த லென்ஸ்?

குளியலறைக்கு வராதே என்றாள்.
மூடிய கதவை எடுத்தேன்.
அடியிடுக்கில் நீராவி. உள்ளே தண்ணீர்ச் சத்தம்,
அதற்கு மேலே
ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் கோல்கீப்பர் முட்டாளா
என்று இரண்டு குரல்களின் சண்டை.
படத்தில் கதவு மட்டும் வந்திருக்கிறது.
அதுதான் என்னிடம் இருப்பதில் நேர்மையானது.

வியாழன் அவனுக்கு விடுமுறை.
மாற்றாள் வந்தாள், சுறுசுறுப்பானவள், நல்லவள்.
எண்ணுவதற்குள் தூக்கிவிட்டாள்.
அந்தரத்தில் ஃபுல்வியாவின் முகத்தை எடுத்தேன்.
'அதை அழி' என்றாள் அன்று மாலை.
ஃபிலிமை அழிக்க முடியாது. வெட்டினேன்.
அவளே கேட்டாள், கத்தரிக்கோல் சத்தம்
காதருகே வேண்டும் என்று.

ஐந்தாவது சுருள். பூசணி சூப்.
ஸ்பூன் பாதி வழியில் கலங்கித் தெரிகிறது.
ஃபுல்வியா வாயைத் திறந்திருக்கிறாள்.
இந்தப் பக்கம், ஒரு முழம் தள்ளி,
ஸுராபும் திறந்திருக்கிறான்.
நாக்குகூட லேசாக முன்னால்.
அவனுக்குப் பசி இல்லை.
எட்டு நிமிடம் முன்புதான் ரொட்டி தின்றான், பார்த்தேன்.

படத்தை அவள் கண்ணெதிரே பிடித்தேன்.
சிரிப்பு வந்து, சிரிப்பில் இருமல் வந்து,
அவன் ஓடிவந்து முதுகைத் தட்டி,
'என்ன செய்தாய் இவளை' என்று என்னை முறைத்து,
பிறகு படத்தைப் பார்த்தான்.
'நான் இப்படியா?'
'ஆறு வருடமாக' என்றாள்.
'ஒவ்வொரு வாய்க்கும்.'

காதுவரை சிவந்துபோனான்.
அடுத்த ஸ்பூனை எடுத்தபோது
உதடுகளை இறுக்கிக்கொண்டான்,
சுங்க அதிகாரி முன்னால் நிற்பவன்போல்.

அவளும் இறுக்கிக்கொண்டாள்.

காற்று கண்ணாடியை உலுக்கியது.
ஸ்பூன் நடுவில் நின்றது.
ஆவி அடங்கி
சூப்பின் மேல் ஏடு படர்ந்தது.
என் கையில் கேமரா இருந்தது, ஃபிலிமும் இருந்தது.
யார் முதலில் திறப்பார்கள் என்று
நானும் வாயைத் திறந்துகொண்டு
பார்த்தபடியே இருந்துவிட்டேன்.