நான்காம் வாய்க்கால், இடது கரை

முதலில் வைத்த தலைப்பு மூன்றே சொல்:
வன்னியின் தண்ணீர்ப் பிரச்சினை.
அதை எழுத ஓர் ஆயுள் போதாது.
எனக்கு இருந்தது பதினான்கு கிழமை,
அண்ணாவின் பழைய ஸ்கூட்டி,
பெற்றோலுக்கு எண்ணிவைத்த காசு.

வெட்டத் தொடங்கினேன்.
வன்னி போய்க் கிளிநொச்சி வந்தது.
கிளிநொச்சி போய் ஒரு குளம்,
குளம் போய் அதன் இடது கரை,
கரையில் நான்காம் வாய்க்கால்,
வாய்க்காலில் முப்பத்தொரு வயல்,
ஒரேயொரு சிறுபோகம்.
தலைப்பு இரண்டு வரிக்கு நீண்டது.
நிலம், வெயிலேற முன்
ஓடி முடிக்கிற அளவுக்குச் சுருங்கியது.
அப்போதுதான் கேள்வி தலைகாட்டிற்று:
கடைசி வயலுக்குத் தண்ணீர்
எத்தனை நாள் பிந்திப் போகிறது,
அதனால் எத்தனை புசல் குறைகிறது?

கருதுகோள்: கடைசி வயல்தான் வாடும்.
எழுதும்போது எனக்குத் துளியும் ஐமிச்சம் இல்லை.
பள்ளியில் கடைசி வாங்கிலேயே
இருந்து படித்தவள் நான்.

இருபத்திரண்டு கேள்விகளோடு வரம்பில் இறங்கினேன்.
மூன்றாவது: குடும்பத்தில் எத்தனை பேர்?
மண்வெட்டியைக் குத்தி நிறுத்திவிட்டு
புஸ்பமலர் கேட்டா,
"எந்த வருசத்துக் கணக்கு, பிள்ளை?"

என் படிவத்தில் பெட்டி ஒன்று.
அதற்குள் ஓர் இலக்கம்தான் கொள்ளும்.
நான் பேனையைப் பார்த்தேன்.
அவ வாய்க்காலைப் பார்த்தா.
"நாலு எண்டு போடும்.
சோறு வைக்கிறது ரெண்டு பேருக்கு."

அன்றிரவே கேள்வியை மாற்றினேன்:
இந்தப் போகம் வயலில் இறங்கியவர் எத்தனை பேர்?
தண்ணீரைப் பற்றி எழுதுகிறவளுக்கு
அவ்வளவு போதும்.
மற்றதைக் கேட்கும் முறை
என் பாடப்புத்தகத்தில் இருக்கவில்லை.

கந்தோரில் பழைய கோப்பு கேட்டேன்.
எண்பத்தேழு வரைக்கும் ஒரு கட்டு,
அதற்கடுத்த கட்டு இரண்டாயிரத்துப் பத்து.
இடையில் மழை பெய்திருக்கும்.
யாரோ அளந்துமிருப்பார்கள்.
தாள்தான் இல்லை.
அட்டவணையில் நீளமாக ஒரு கோடு இழுத்து
அடியில் சின்ன எழுத்தில்:
தரவு கிடைக்கவில்லை.

பன்னிரண்டாம் கிழமை
இலக்கங்களை ஏற்றி முடித்தபோது
கடைசி வயல்கள் வாடியிருக்கவில்லை.
நடு வயல்கள் வாடியிருந்தன.

மதுரந்தி திரையை எட்டிப் பார்த்தாள்.
"மூண்டு வயலைத் தூக்கினா
நீ நினைச்சது சரிவரும். ஆர் பாக்கப்போறாங்கள்?"
இரவு ஒன்றரை மணி.
விரல் அந்த வரிசையில்தான் நின்றது.
இருபத்தாறாம் இலக்கம். விளைச்சல் நல்லது.
குடும்பம்: நாலு என்று எழுதி, வெட்டி,
இறங்கியவர் இரண்டு என்று திருத்திய படிவம்.
கையை எடுத்தேன்.

விடிய, திரும்பவும் நான்காம் வாய்க்கால்.
கடைசி வயல்காரர் எல்லோரும்
வாய்க்காலை நம்பிக் களைத்து
எப்போதோ கிணறு வெட்டியிருக்கிறார்கள்.
நடுவில் இருந்தவர்கள்
இன்று வரும் நாளை வரும் என்று
மடையைப் பார்த்தபடி இருந்திருக்கிறார்கள்.
என் இருபத்திரண்டு கேள்வியில்
கிணறு என்ற சொல்லே இல்லை.

அதையும் எழுதினேன்,
ஆய்வின் வரையறைகள் என்ற பகுதியில்.
ஆக வேகமாக எழுதிய ஒன்றரைப் பக்கம் அதுதான்.
முன்னுரையை எல்லாவற்றுக்கும் பிறகு எழுதினேன்,
முதலே தெரிந்தவள் போல.

கட்டின பிரதியைக் கொண்டுபோய்க் காட்டினேன்.
புஸ்பமலர் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப்
பக்கங்களைப் புரட்டினா.
"என்ர பேர் வருதோ?"
பேர் போடக் கூடாது, இலக்கம் மட்டும்தான் என்றேன்.
"எத்தினையாம் இலக்கம்?"
போய்ச் சந்தித்த ஒழுங்கில் இருபத்தாறு.
அவ சிரிச்சா.
"வாய்க்காலில நான் முப்பதாவது.
உம்மட கடதாசியிலயாவது
நாலு வயல் முன்னுக்கு வந்திட்டன்."